நரியும் லாந்தரும்: அடுப்பு மூட்டாத ஒரு நாள்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் லண்டனில் தவறணை நடத்துகிறேன். கள்ளுத் தவறணை அல்ல, பியர்த் தவறணை. இங்கே அதைப் பப் என்கிறார்கள். நான் சுத்தச் சைவம். கந்தசஷ்டி விரதம் தவறாமல் பிடிப்பவள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிவகை வாயில் வைத்ததில்லை. நம்பாதவர்கள் தென்லண்டன் நோர்பரிக்கு வந்து பார்க்கலாம். கதவுக்கு மேலே என் பெயர் எழுதியிருக்கிறது.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு இந்த விஷயம் தொண்டையில் சிக்கிய மீன்முள். சொந்தக்காரர் கேட்டால், "தங்கச்சியாக்கள் ஹோட்டல் துறையில இருக்கினம்" என்றுதான் சொல்லிவந்தார். அதை நம்பி, கனடாவில் இருந்து கலியாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் எங்களுக்குத் தொலைபேசி எடுத்து இரண்டு அறை ஒதுக்கித் தரும்படி கேட்டது. காலைச் சாப்பாடும் சேர்த்தோ என்று வேறு விசாரித்தார்கள். அக்காவிடம் சொன்னேன். "அறை எல்லாம் நிரம்பிப்போச்சு எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவு வெட்கம்.

போன கிழமை எங்கள் பப்பில் மொறீனின் ஆட்டைத் திவசம், அதாவது முதலாம் ஆண்டுத் திவசம், நடந்தது. மொறீன் அசல் தென்லண்டன் வெள்ளைக்காரி. அவருக்கு ஏன் திவசம், அதுவும் ஒரு பப்பில் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

பப் என்பது 'பொது வீடு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். லைசன்ஸ் பரீட்சைக்குப் படித்தபோது இதைப் புத்தகத்தில் கண்டேன். ஆனால் அதற்கு வெகுகாலம் முந்தியே என் உடம்புக்கு அது தெரிந்திருந்தது.

நாங்கள் வந்த புதிதில், அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்த காலம். மகள் துளசி வயிற்றில். ஆஸ்பத்திரியில் இருந்து வரும் வழியில் பனி கொட்டி, பஸ் நோர்பரிச் சந்தியில் நின்றுவிட்டது. இறங்கி நடக்கச் சொன்னார்கள். கால் வழுக்குகிறது, இடுப்பு வலிக்கிறது. எதிரே இருந்த ஒரே திறந்த கதவு இந்தப் பப்பினுடையது. பெயர் 'நரியும் லாந்தரும்'. பலகையில் ஒரு நரி வாயில் லாந்தரைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதுவரை பப்பைக் கண்டால் குடிவெறிகாரர் நிற்பார்கள் என்று மறுபக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுகிற ஆள் நான். அன்று வேறு வழியில்லாமல் உள்ளே போனேன்.

கணப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து கதிரையைத் தந்தார். பாருக்குப் பின்னால் நின்றவர் பால்தேநீர் கொண்டுவந்து வைத்தார். என்ன வேண்டும் என்றுகூட யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப இலக்கம் மூன்றையும் கேட்பார்கள். ஒன்றுமே கேட்காமல் என்னை உள்ளே விட்ட கதவு அது ஒன்றுதான். அதை நான் மறக்கவில்லை.

பிறகு என் கணவர் பாலா நோர்பரியில் பலசரக்குக் கடை போட்டார். பால், பாண், பத்திரிகை, முருங்கைக்காய், பின்தட்டில் பியர்ப் போத்தல்கள். பிள்ளை வளர்ந்தாள். விசா, பிரஜாவுரிமை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு நாள் சந்திப் பப்பை நடத்தியவர் வயதாகி விலகப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கட்டடத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனி குத்தகைக்கு ஆள் தேடியது. ஆள் கிடைக்காவிட்டால் இடித்து அடுக்குமாடி கட்டிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் கதை.

நான் எடுக்கிறேன் என்றேன். பாலா சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்தார்.

"நீர் என்ன விளையாடுறீரோ? எங்களுக்கு என்னத்துக்குத் தவறணை?"

"கடையில பின்தட்டில நிக்கிறது என்ன, தீர்த்தமோ? போத்தில்ல வித்தால் குற்றமில்லை, கதிரை போட்டு வித்தால் குற்றமோ?"

அவர் குனிந்து மறுபடி சோற்றைப் பிசைந்தார்.

அதற்குப் பிறகு குறுக்கே நின்றது பாலா அல்ல, என் பெயர்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதை இந்த நாட்டுக் கந்தோர்களுக்கு விளங்கப்படுத்தியவர் யாரும் உண்டோ? வந்திறங்கியபோது ஓர் அதிகாரி ஐயாவின் பெயரை, அதாவது தகப்பன் பெயரை, கடைசியில் போட்டு என்னைச் சிவகௌரி நடராசா ஆக்கினார். பாஸ்போட் எடுத்தபோது இன்னொருவர் கணவரின் பெயரைப் போட்டுச் சிவகௌரி பாலகுமாரன் ஆக்கினார். குத்தகை ஒரு பெயரில், லைசன்ஸ் மற்றப் பெயரில் வந்தது. இரண்டு பெண்களும் ஒருவரே என்று நிறுவும்படி லைசன்ஸ் தருகிற உள்ளூர்க் கவுன்சில் கேட்டது. சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். கடைசியில் சலித்துப்போய், இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பப் நடத்துகிறவரின் பெயரைக் கதவு நிலைக்கு மேலே சின்ன எழுத்தில் எழுதுவது இங்கே பழைய வழக்கம். இப்போது சட்டம் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றார்கள். கட்டாயமில்லை என்றால் தடையுமில்லைத்தானே என்று கேட்டேன். எழுத வந்த பெயின்டர் ஏணியில் நின்று பலகையைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சுருக்கலாமோ?"

"ஒரு எழுத்தும் குறையக்கூடாது" என்றேன்.

இரண்டு வரியில் எழுதினார். சிவகௌரி நடராசா பாலகுமாரன். பொன்னிறம். ஏணியை எடுத்த பிறகு நான் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய் நின்று பார்த்தேன். முந்தி பப்புக்குப் பயந்து மாறிப்போன அதே நடைபாதை. கண் கலங்கிவிட்டது.

3

முதல் நாள் காலை கதவைத் திறந்ததும் உள்ளே வந்தவர் மொறீன். பஸ்ஸில் டிக்கட் கொடுத்து ஓய்வுபெற்றவர், தனிக்கட்டை, நாக்கு மட்டும் இரண்டு பேருக்குப் போதுமானது. வாசலில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தார்.

"இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள என்ர பியர் சூடாகிப்போகும்" என்றார்.

அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். இவர்களுடைய தென்லண்டன் பேச்சை எழுத்துத் தமிழில் போட்டால் எல்லாரும் பாதிரியார் மாதிரி ஆகிவிடுவார்கள். ஆகவே எங்கள் ஊர்ப் பேச்சிலேயே தருகிறேன். அதுதான் அவர்களுக்குப் பொருந்தும்.

கணப்போரத்து மேசையில் போய் இருந்துகொண்டு அடுத்த குண்டைப் போட்டார்.

"கிறிஸ்மசுக்குள்ள இதைக் கறிக்கடை ஆக்கிப்போடுவாய். இல்லாட்டி அடுக்குமாடி கட்டுறவனுக்கு வித்துப்போடுவாய்."

அப்படி நினைத்தது அவர் மட்டும் அல்ல. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அதே பயம். பக்கத்துச் சந்திகளில் பப்புகள் ஒவ்வொன்றாக அப்படித்தான் போயிருந்தன. என்னை யாரும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. ஆனால் என்னைப் பற்றிப் பேசும்போது 'புதுசா வந்த ஆக்கள்' என்றார்கள். பலகையில் பெயர் இருந்தது. ஆனால் இந்த வீடு என்னுடையது என்று அவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நான் ஒன்றையும் மாற்றவில்லை. கம்பளத்தின் ஓட்டையைக்கூட அதே நிறத்தில் தைப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மாட்டிறைச்சி வாட்டி, மாவைப் பொங்கவைத்து, உருளைக்கிழங்கு பொரித்துக் கொடுக்கப் பழகினேன். இறைச்சிக் குழம்புக்கு உப்புப் பார்ப்பவர் பாலா. அவர் கரண்டியை நக்கிவிட்டுத் தலையாட்டினால்தான் தட்டுகள் வெளியே போகும்.

பியர்தான் பெரிய சோதனை. கம்பெனிப் பீப்பா வந்தால் நிலவறையில் அசையாமல் கிடக்க வேண்டும். பீப்பா மூச்சுவிட மேல்துளையில் ஒரு மர ஆணி தட்ட வேண்டும். குளிர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதெல்லாம் எனக்குக் கைவந்தது. தயிர் உறையப்போட்டு வளர்ந்தவளுக்கு ஒரு பொருள் புளிக்கிற பக்குவம் மணத்திலேயே தெரியும். ஆனால் புதுப் பீப்பாவைத் திறந்தால் யாராவது குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமே. நான் குடிப்பதில்லை. பாலாவுக்கு எல்லாம் ஒரே ருசி.

"இஞ்ச கொண்டா" என்றார் மொறீன் ஒரு நாள். அரைக் கிளாஸ் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, சரியில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் கிளாசை வெறுமையாக்கிவிட்டு வைத்தார். அன்று தொடக்கம் அதுதான் ஏற்பாடு. கிளாஸ் காலியானால் பீப்பா நல்லது. மிச்சம் வைத்தால் நான் நிலவறைக்குப் போய்ப் பிழையைத் தேட வேண்டும். ஒரு நாளும் பாராட்டியதில்லை. கிறிஸ்மஸ் வந்துபோனதும் கெடுவை ஈஸ்டருக்கு மாற்றினார். ஈஸ்டர் போனதும் கோடைக்கு. நான் விற்றுவிடுவேன் என்று நம்புவதை மட்டும் விடவில்லை.

உங்களுக்கு இந்த இடத்தின் அழகை எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரர் ஒருவரை ஒருவர் வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். ஆகவே மனிதர்களைக் கண்டால் ஆகாதவர்கள் என்று நாங்கள் நீண்டகாலம் நினைத்திருந்தோம். தங்கள் வரவேற்பறையைத் தெருவுக்கே பொதுவாக ஒரு சந்தியில் வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. இங்கே சட்டத்தரணியும் குப்பை லொறி ஓட்டுபவரும் பாரில் தோளோடு தோள் நிற்பார்கள். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த முறை யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். முந்தினால் வாயால் சொல்லமாட்டார்கள். பார்வையாலேயே தோலை உரித்துவிடுவார்கள். யாருடைய முழங்காலில் சத்திரசிகிச்சை, யாருடைய மகன் பேசுவதில்லை, யாருடைய நாய்க்குச் சலரோகம் எல்லாம் இங்கேதான் தெரியவரும். தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரி வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். அதுவும் ஒரு நாகரிகம்தான்.

எங்கள் ஆட்களும் வருவார்கள். கோயிலில் தலைமை தாங்குகிற ஒரு அண்ணை என்னைப் பாருக்குப் பின்னால் கண்டதும், "தங்கச்சி, நான் ரொய்லட்டுக்கு வந்தனான்" என்றார். கையில் கிளாஸ். நான் அவருக்கு மிக்சர் ஒரு தட்டு வைத்தேன், வேறென்ன செய்வது.

4

மாசி மாதம் ஒரு காலை மொறீன் வரவில்லை. டெரி போய்ப் பார்த்தார். டெரி கூரை வேலை செய்து ஓய்வுபெற்றவர், பலகைக்கு அம்பெறிகிற எங்கள் டார்ட்ஸ் அணிக்குத் தலைவர், அறுபதைத் தாண்டியவர். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றிப் பாரில் வைத்தார். நித்திரையிலேயே போய்விட்டாராம்.

மொறீனுக்கு அவுஸ்திரேலியாவில் கூடப்பிறந்தவரின் மகள் ஒருத்தி மட்டும்தான். அவளால் வர முடியவில்லை. பப்புக்கு வருகிறவர்களே கூடிக் கதைத்துத் தகனத்துக்கு ஒழுங்குசெய்தார்கள். பிறகு நான் என் பங்கைச் செய்தேன். நான் என்ன செய்வேன்? பிறந்ததில் இருந்து கண்டதைத்தான் செய்வேன். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தகன நாளன்று கோழி, இறைச்சி எதுவும் அடுப்பில் ஏறாதபடி சமையல்காரப் பெடியனுக்கு விடுமுறை கொடுத்தேன். கதவைப் பூட்டினேன். ஊரில் ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டுவோமே, அது மாதிரி நரிப் பலகையின் கீழே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினேன். கதவில் மொறீனின் படத்தை ஒட்டி, கீழே 'மூடப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். வெள்ளைச் சேலை, மேலே கறுப்புக் கோட்டு. தகனச்சாலையில் எல்லாரோடும் நின்றேன். அழுதேனா என்று கேட்டால், அழுதேன். எனக்குப் பியர் ருசி பார்த்த ஆள் அவர்.

முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போனோம். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் ஒன்றையும் தொடுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. நான் முழுகிவிட்டுத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. துளசி. லீட்ஸில் வேலை. வாரத்துக்கு ஒரு தரம் எடுத்தாலே பெரிய காரியம்.

"அம்மா, பப் ஏன் குளோஸ்ட்? டெரி அங்கிள் எனக்குக் கோல் பண்ணினவர். எல்லாரும் வெளியில மழைக்குள்ள நிக்கினமாம்."

"இண்டைக்குச் செத்தவீடல்லோ பிள்ளை. எப்பிடித் திறக்கிறது?"

"அம்மா! பியூனரல் முடிஞ்சால் பப்புக்குத்தான் வருவினம். எவ்ரிபடி நோஸ்!"

எல்லாருக்கும் தெரியுமாம். சிலர் தகனம் முடிந்து மாடி அறையை வாடகைக்குக் கேட்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் முன்கூட்டியே கேட்பார்கள். மொறீனுக்காக யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அந்த நிமிடம்தான் உறைத்தது. தன் வீட்டுக்குப் போவதற்கு யார் அனுமதி கேட்பார்கள்?

துளசிக்குச் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தகனம் முடிந்து பப்பில் கூடுவார்கள் என்பது தெரியாது. அவள் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. இதை நினைத்து வருத்தப்பட அப்போது நேரமில்லை. "இஞ்சேருங்கோ, காரை எடுங்கோ" என்று பாலாவிடம் கத்தினேன். ஈரத்தலையோடு ஓடினேன்.

5

கறுப்பு உடுப்பில் சந்தி நிறைய ஆட்கள். குடை வைத்திருந்தவர்கள் பாதிப் பேர்தான். வெள்ளைத் துணி மழையில் நனைந்து கதவில், மொறீனின் படத்தை மறைத்து ஒட்டிப்போய்க் கிடந்தது. 'மூடப்பட்டுள்ளது' என்ற எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதை இவர்கள் எப்படி வாசித்திருப்பார்கள் என்று நான் யோசித்தே இருக்கவில்லை. மற்றச் சந்திப் பப்புகளும் இப்படி ஒரு கடதாசியோடுதான் மூடிப்போயின.

டெரி முன்னுக்கு வந்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபிக்கவில்லை.

"அப்ப வித்துப்போட்டாய்" என்றார். "மொறீன் சொன்னது சரிதான். அவவின்ர செத்தவீட்டண்டைக்கே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் துவாய் அவிழ்ந்து விழுந்தது.

"நான் விக்கவுமில்லை, விக்கிற எண்ணமும் இல்லை. எங்கட ஆக்களில செத்தவீட்டில அடுப்பு மூட்டமாட்டம். அண்டைக்குச் சமைச்சால் செத்த ஆளுக்கு மரியாதை இல்லை. அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவந்து குடுக்கும். அதுதான் பூட்டினனான்."

டெரி விளங்காமல் பார்த்தார்.

"மொறீன்ர வீடு அங்கால ரோட்டில. நீ ஏன் இதைப் பூட்டினாய்?"

"அது அவ படுக்கப் போற இடம். அவவின்ர வீடு இதுதானே."

டெரி தொப்பியைக் கையில் எடுத்துப் பிழிந்தார். பிறகு கதவுக்கு மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் ஆர்?"

"நீங்கள்தான் அயலட்டை" என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. ஆனால் டெரி அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். திரும்பி நின்று, டார்ட்ஸ் போட்டிக்கு ஆள் பிரிக்கிற மாதிரி எல்லாரையும் ஏவினார். நீ வீட்டுக்குப் போ, நீ பேக்கரிக்குப் போ, உன்ர மனுசி அண்டைக்குச் செய்த கேக் மிச்சம் இருக்கோ? கூட்டம் நாலு பக்கமும் கலைந்தது.

நான் கதவைத் திறந்தேன். உள்ளே குளிர். கணப்பை மூட்டலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். சமைக்கிற அடுப்பு வேறு, குளிர்காய்கிற அடுப்பு வேறு என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டு மூட்டினேன். ஐயர் யாரும் பக்கத்தில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வரத் தொடங்கினார்கள். முட்டை சாண்ட்விச் ஒரு தட்டம். சொசேஜ் ரோல்கள், வெளிப்பக்கம் மழையில் நனைந்தபடி. ஒருவர் தகரப் பெட்டியோடு கேக். பக்கத்து ஊரான தோர்ன்டன் ஹீத்தில் இருந்து இரண்டு பை நிறைய, உள்ளே கறி வைத்துச் சுட்ட யமேக்கன் பற்றிஸ். கடையில் இருந்து பாலா பாணும் பட்டரும் மிக்சரும் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் கதவால் உள்ளே வந்து, சாப்பாட்டை என் கையில் தந்து, "உங்கட துக்கத்துக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தார்கள். என் கையில் தந்தார்கள். செத்தவீட்டு உரித்துக்காரிக்குத் தருகிற மாதிரி.

அன்று புதுப் பீப்பா ஒன்று தயாராக இருந்தது. முதல் அரைக் கிளாசைப் பம்பில் இழுத்து மொறீனின் மேசையில் வைத்தேன். நாங்கள் படையலில் வைப்பதில்லையா, அதுதான். இவர்களிடமும் அப்படி வைக்கும் பழக்கம் இருக்கிறதாம். யாருக்கும் அதில் ஆச்சரியமில்லை. அடுத்த அரைக் கிளாசை டெரியிடம் நீட்டினேன். ஒரு மிடறு குடித்து, மொறீன் மாதிரியே முகத்தைச் சுளித்து, ஒன்றும் சொல்லாமல் கிளாசைக் காலியாக்கி வைத்தார். அறை முழுக்கச் சிரித்தது. பலர் அழுதுகொண்டு சிரித்தார்கள்.

பிறகு கிளாஸ்களை உயர்த்தினார்கள். டெரி சொன்னார்: "மொறீனுக்கு." எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். அவர் கிளாசைக் கீழே இறக்கவில்லை. "எங்கட வீட்டுக்காரிக்கு" என்றார்.

பப் நடத்துகிற பெண்ணை இங்கே ஆங்கிலத்தில் அப்படித்தான், 'லாண்ட்லேடி' என்று, அழைப்பார்கள். ஆனால் என்னை அதுவரை ஒருவரும் அழைத்ததில்லை. ஈரத்தலையோடு, கையில் சொசேஜ் ரோல் தட்டத்தோடு, அதைத் தொடவும் மாட்டாத சைவக்காரி நான் அங்கே நின்றேன். பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்த அன்றுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை.

6

அது போன வருடம். இந்த வருடம் மாசி பிறந்ததும், நான் வாயைத் திறக்கமுதலே டெரி வந்து கேட்டார்: "மொறீன்ர நாளண்டைக்கு அடுப்பு மூட்டமாட்டியள்தானே? நாங்கள் என்னென்ன கொண்டுவாறது?" திதி பார்க்கவில்லை, கலண்டர்த் தேதிதான். அக்காவுக்குச் சொன்னேன்.

"ஆரின்ர திவசம்?"

"மொறீன்ர."

"வெள்ளைக்காரிக்கோ? ஐயரும் வாறாரோ?"

"ஐயர் இல்லை. சமைக்கமாட்டம். அயலட்டை சாப்பாடு கொண்டுவரும்."

கலியாணத்துக்குப் போகாமல் இருக்கலாம், செத்த காரியத்துக்குப் போகாமல் இருக்கக்கூடாது என்பதில் அக்கா வலு கண்டிப்பு. "சரி, வடை சுட்டுக்கொண்டு வாறன்" என்றார். பார்க்கிங்கில் இருந்து நோர்பரிக்கு, இரண்டு ரயில் மாறி, மடியில் உழுந்துவடைச் சட்டியோடு வந்தார். பாலா ஸ்டேஷனில் போய்க் கூட்டிவந்தார்.

வாசலில் நின்று அக்கா மேலே பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். முகம் வெளிறியது.

"ஐயாவின்ர பேரையுமல்லோ போட்டிருக்கிறாய்! கள்ளுக்கொட்டில் பக்கம் தலைவைச்சும் படுக்காத மனுசன்ர பேரை!"

"கவுன்சில் கேட்டது அக்கா" என்றேன். பாதி உண்மை. "உள்ள வாங்கோ, வடை ஆறுது."

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி உள்ளே வந்தார். யாரும் குடிவெறியில் விழவில்லை. கணப்பு எரிந்தது. ஒருவர் எழுந்து கதிரையைத் தந்தார். நான் தேநீர் வைத்தேன். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. பக்கத்து மேசையில் மொறீனின் அரைக் கிளாஸ். ஆட்கள் தட்டங்களோடு வந்து வந்து என் கையில் தந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா தலைப்பை மூக்கில் இருந்து எப்போது எடுத்தார் என்று தெரியாது.

அப்போது டெரி வந்து அவருக்கு முன்னால் இருந்தார். கையில் வடை. புதிதாக வந்த ஒரு வயதான அம்மாவுக்கு விஷயத்தை விளங்கப்படுத்த வேண்டியது தன் கடமை என்று நினைத்துவிட்டார். மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னார்:

"இண்டைக்கு இந்த வீட்டில அடுப்பு மூட்டுறதில்லை. செத்த ஆளின்ர வீடு, தெரியுமோ. அண்டைக்குச் சமைச்சால் மரியாதை இல்லை. அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவர வேணும். எங்கட பப்பின்ர பழைய வழக்கம். உங்களுக்குப் புதுசாத்தான் இருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் பம்பைத் துடைக்கத் தொடங்கினேன்.

"நல்ல வழக்கம்" என்றார் அக்கா, தன் கவனமான ஆங்கிலத்தில். "எவ்வளவு காலமாச் செய்யிறியள்?"

டெரி வடையை மென்றபடி யோசித்தார். அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை.

"எப்பவும்" என்றார். "இந்தப் பப்பில எப்பவும் இப்பிடித்தான்."

அக்கா தேநீரைக் குடித்து முடித்தார். அப்போது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. கனடாவில் இருந்து யாரோ ஒரு மச்சாள். அறையில் இரைச்சல். அக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பார்க்கிங் வரைக்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"ஓம், வெளியில நிக்கிறன். தங்கச்சியின்ர பப்பில... ஹோட்டல் இல்லையடி, பப், பப்! ஓமோம், தவறணைதான். வாசல்ல ஐயாவின்ர பேர் போட்டிருக்கு. இஞ்ச இண்டைக்கு எங்கட ஆள் ஒராளின்ர திவசம், பிறகு எடுக்கிறன்."